வெனீர் ஒட்ட எது ஏற்றது: வேக்யூம் பையா, கிளாம்ப்பா, வச்சிரப் பசையா?

வெனீர் ஒட்டிய பலகை காய்ந்ததும் நான் முதலில் செய்வது, நகத்தால் தட்டிக்கொண்டே ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை போவது. நன்றாகப் பிடித்த இடம் டக் டக் என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிடிக்காத இடத்தில் சத்தம் மாறிவிடும். காய்ந்த ஓலையைத் தட்டுவதுபோல் வெறுமையாகக் கேட்கும். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. உப்புத்தாள் போட்டு, பாலிஷ் அடித்து, ஈரக் காலமும் வறண்ட காலமும் ஒரு சுற்று வந்துபோன பிறகு அதே இடத்தில்தான் கொப்புளம் எழும்பும்.

பசை மட்டமானது என்று எல்லோரும் பசையைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் பசையின் மேல் குற்றம் இல்லை. பசை ஈரமாக இருந்த நேரத்தில் அந்த உள்ளங்கை அளவு இடத்தை எதுவும் அமுக்கிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெனீர் என்பது 0.6 மி.மீ. அளவுக்குச் சீவிய மரத்தோல். பசையிலிருக்கும் தண்ணீர் பட்டதும் மர வரிக்கு (ரேகைக்கு) குறுக்கே விரியும், அலை அலையாக எழும்பப் பார்க்கும். பசை இறுகும்வரை ஓர் அங்குலம்கூட விடாமல் அதைப் பலகையோடு சேர்த்து அமுக்கி வைக்க வேண்டும். எதை வைத்து அமுக்குவது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகை சிறியது, தட்டையானது, மொத்தமே ஒன்றிரண்டுதான் என்றால் கிளாம்ப் போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பலகை கதவளவு பெரிதானாலோ, ஒரே ஒரு வளைவு வந்துவிட்டாலோ, பலகையை உள்ளே வைத்துப் பம்பால் காற்றை எடுக்கும் வேக்யூம் பைக்குப் போங்கள். ஆனால் எதை வைத்து அமுக்குவது என்பதை மட்டும் தனியாக முடிவு செய்ய முடியாது. எந்தப் பசை என்பது அதே முடிவின் மறுபாதி. இரண்டையும் தனித்தனியாக யோசித்து வாங்கியவர்கள்தான் அதிகமாகப் பலகையை வீணாக்குகிறார்கள்.

காற்றின் எடை

வேக்யூம் பை வெனீரை உறிஞ்சி இழுப்பதில்லை. பைக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டால், வெளியே இருக்கும் காற்று முழு எடையோடு பையின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. 1650களில் மாக்டெபர்க் என்ற ஜெர்மன் நகரில் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுக்கவிட்டார். குதிரைகள் திணறிப்போயின. அந்தக் கோளங்களைப் பிடித்து வைத்த அதே எடைதான் நம் வெனீரையும் பிடிக்கிறது.

கணக்காகப் பார்த்தால், கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பம்பின் மானி 25 அங்குலப் பாதரசம் என்று காட்டினால் அதில் 6இல் 5 பங்கு நமக்குக் கிடைக்கிறது, ஏறக்குறைய 0.86 கிலோ. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். 60 செ.மீ.க்கு 120 செ.மீ. பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 7200 சதுர செ.மீ. பரப்பு. அதன் மேல் உட்கார்வது 6 டன்னுக்கு மேல்! ஒரு கிளாம்ப் 300 அல்லது 400 கிலோ தரும் என்று வைத்தால், இதே எடைக்கு 15 முதல் 20 கிளாம்ப் வேண்டும். அத்தனை கிளாம்ப் இருந்தாலும் அவை ஓரத்தைத்தான் எட்டும், நடுவை எட்டாது. காற்றுக்கு நடு, ஓரம் என்ற பேதம் கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் என்பதுதான் வேக்யூமின் உண்மையான பலம். டன் கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே 5இல் ஒரு பங்கு குறைந்துவிடும். எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் அங்கே இருக்கும் காற்றைவிட அதிகம் கிடைக்காது.

இன்னொரு எல்லையும் உண்டு. கடின மரக் கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டும்போது பசை தயாரிப்பவர்கள் ஒரு சதுர செ.மீ.க்கு 12 முதல் 17 கிலோவரை கேட்பார்கள். வேக்யூம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. மெல்லிய வெனீர் தானாகவே வளைந்து கொடுப்பதால்தான் ஒரு கிலோவுக்கும் குறைந்த அழுத்தம் அதற்குப் போதுமானதாக இருக்கிறது. ரம்பத்தில் அறுத்த 2, 3 மி.மீ. தடிமன் பட்டைகளையும் பையில் வைக்கலாம். ஆனால் அவை சீராக இழைத்தவையாக இருக்க வேண்டும். கோணலான கட்டையைப் பை நிமிர்த்தி ஒட்டிவிடும் என்று நம்பி உள்ளே வைக்காதீர்கள்.

கிளாம்ப்பைச் சரியாகப் போட்டால்

கிளாம்ப் முறையைப் பலர் அவசரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் இரண்டடிக்கு ஒன்றரை அடி பெட்டி மூடிக்கு இதைவிட எளிய வழி இல்லை. வெனீர் ஒட்டிய பலகையின் மேலும் கீழும் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒன்று, பசை கசிந்து ஒட்டிக்கொள்ளாமல் இடையில் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் குறுக்காக கெட்டியான மரச் சட்டங்கள், சட்டங்களின் இரு முனையிலும் கிளாம்ப்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அந்தச் சட்டத்தின் அமுக்கும் பக்கத்தை இழைப்புளியால் இரு முனையை நோக்கியும் லேசாகச் சீவி, நடுவில் மட்டும் ஒன்றரை மி.மீ. மேடாக விட வேண்டும். 60 செ.மீ. சட்டத்துக்கு அது போதும். இப்போது சட்டத்தைப் பலகை மேல் வைத்தால் நடு தொட்டுக்கொண்டிருக்கும். முனைகளுக்கு அடியில் ஒரு கனமான அட்டை நுழையும். கிளாம்ப்பை முறுக்க முறுக்க அழுத்தம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவும், மிஞ்சிய பசையும் அதே வழியில் வெளியே வரும். சட்டங்களை 15 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். நேரான சட்டத்தைப் போட்டால் ஓரம் மட்டும் இறுகி, நடுவில் பசை குளமாகத் தேங்கும். நகத்தால் தட்டும்போது வெறுமையாகக் கேட்பது பெரும்பாலும் அந்த நடுதான்.

இந்த முறையின் குறை நேரம். 8 கிளாம்ப்பை ஒருவர் முறுக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். வெள்ளைப் பசை பரப்பிய பிறகு உங்களிடம் இருப்பதே ஐந்து முதல் பத்து நிமிடம். பலகை பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு உதைக்கும். நான்கடி நீளத்தைத் தாண்டினால் இரண்டு பேர் வேண்டும். கதவு என்றால் கிளாம்ப்பை மறந்துவிடலாம்.

பை, பம்ப், மற்றவை

பை இரண்டு வகையில் கிடைக்கிறது. பிவிசி மலிவு, வழக்கமாக அரை மி.மீ. முதல் முக்கால் மி.மீ.வரை தடிமன், குளிர்ந்தால் விறைத்துக்கொள்ளும். பாலியூரித்தேன் பை விலை அதிகம், ஆனால் நன்றாக இழுபடும், கிழிசலைத் தாங்கும். தட்டையான பலகை மட்டும் என்றால் பிவிசியே போதும். வளைவுக்குப் பாலியூரித்தேன்தான், பை நெளிந்து உள்வளைவின் அடிவரை போய்த் தொட வேண்டுமே.

பைக்குள் கீழே ஒரு தட்டு இருக்கும். மெலமைன் பூசிய எம்டிஎஃப், அதில் 15 செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாக 3 மி.மீ. ஆழத்துக்குக் காடி (பள்ளக் கோடு), ஓரமெல்லாம் உருண்டையாகத் தேய்த்தது. காடி இல்லாவிட்டால் பை பம்ப் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு, தூரத்து மூலையில் காற்று சிக்கிக்கொள்ளும். மானி 25 காட்டும், அந்த மூலையில் வெனீர் மிதந்துகொண்டிருக்கும். பலகைக்கு மேலே 3 அல்லது 6 மி.மீ. மெல்லிய தட்டு ஒன்று, அதற்கும் மேலே காற்று ஓட ஒரு பிளாஸ்டிக் வலை. பலகையின் கூரான மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். கையைக் கீறும் மூலை பையையும் கிழிக்கும்.

பம்பில்தான் தெரிவு கடினம். ஏற்கெனவே கம்ப்ரசர் இருந்தால், அதன் காற்றைக் குறுகிய குழாயில் வேகமாக விட்டு உறிஞ்ச வைக்கும் வெஞ்சுரி வகை மலிவாக முடியும். நகரும் பாகமே கிடையாது. ஆனால் பை இழுக்கும் நேரமெல்லாம் கம்ப்ரசர் இரைந்துகொண்டே இருக்கும். அடிக்கடி ஒட்டுபவருக்கு, தானாக நின்று தானாக ஓடும் மின் பம்ப்தான் நல்லது: அழுத்தம் 21 அங்குலத்துக்கு இறங்கினால் ஓடும், 25க்கு ஏறியதும் நிற்கும். இரவு முழுவதும் ஒட்டி வைக்கும் பசைக்கு அந்தத் தானியங்கி வசதி இல்லாமல் நான் துணிய மாட்டேன். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை மாற்றிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அது ஆழமான வேக்யூம் தரும், ஆனால் மெதுவாகத்தான் இழுக்கும். பெரிய பையில் அது காற்றை எடுத்து முடிப்பதற்குள் வெள்ளைப் பசை தோல் கட்டிவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் தரை கூட்டும் வேக்யூம் கிளீனரைப் பையின் வாயில் வைத்து முதலில் மொத்தக் காற்றையும் இழுத்துவிட்டு, வாயை மூடி, மிச்சத்தைப் பம்பிடம் விடுங்கள். சின்ன வேலைக்குக் கைப்பம்புடன் வரும் மெல்லிய பைகளும் இருக்கின்றன. சறுக்குப்பலகை அளவுக்கு அவை அருமையாக வேலை செய்யும்.

பசை கலப்பதற்கு முன் வெறும் பையை ஒருமுறை இழுத்து, வால்வை மூடிவிட்டு, மானியைப் பாருங்கள். முள் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் நம்பலாம். இறங்கினால் காதைப் பையோடு வைத்துக் கேட்டபடி ஓரமாகப் போங்கள். ஓட்டை மெல்லிய சீறலாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் பை வாயை மூடும் பட்டையில் சிக்கிய ஒரு மரத்தூள்தான் காரணமாக இருக்கும்.

வளைவு என்று வந்தால் வேக்யூமுக்கு இணை இல்லை. கிளாம்ப்பில் செய்ய ஆண் அச்சு, பெண் அச்சு இரண்டும் பொருந்தச் செதுக்க வேண்டும். பையில் ஒரே அச்சு போதும், மறுபக்கத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஆனால் அச்சு திடமாக இருக்க வேண்டும். ஒருமுறை நான் எடையைக் குறைக்க நினைத்து, விலாக்களை 20 செ.மீ. தள்ளித் தள்ளி வைத்து மேலே 6 மி.மீ. பிளைவுட் போர்த்தி அச்சு செய்தேன். மானி 18ஐத் தாண்டியபோது படார் என்று ஒரு சத்தம். பையைத் திறந்தால் இரண்டு விலாக்களுக்கு நடுவில் பிளைவுட் குழிந்து உடைந்திருந்தது, அதன் மேல் நல்ல வால்நட் வெனீர் பசையோடு மடிந்து கிடந்தது. ஒரு சதுர அடிக்கு முக்கால் டன்னுக்கு மேல் விழுகிறது என்பது கையில் உடைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது எம்டிஎஃப் துண்டுகளை இடைவெளி விடாமல் அடுக்கி ஒட்டித்தான் அச்சு செய்கிறேன்; கனமாக இருந்தால் இருக்கட்டும்.

பைக்குள் எந்தப் பசை

வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ, எல்லோர் கையிலும் இருப்பது. சுத்தம் செய்யச் சுலபம், மணம் இல்லை. ஆனால் அது தண்ணீர் வெளியேறி இறுகும் பசை. பைக்குள் தண்ணீர் போக வழி குறைவு. கிளாம்ப்பில் ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் பையில் நான் மூன்று நான்கு மணி நேரம் விடுவேன். இன்னொரு குணம்: காய்ந்த பிறகும் அது கொஞ்சம் இளகும் தன்மையோடுதான் இருக்கும். தட்டைப் பலகைக்கு இது பெரிய விஷயமில்லை. வளைத்து ஒட்டிய பட்டைகளோ திரும்ப நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். பிவிஏ மெல்ல மெல்ல நழுவிக் கொடுத்துவிடும். வளைவுக்கு வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம்.

யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் பைக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். தூளைத் தண்ணீரில் கலக்கினால் 15, 20 நிமிடம் நிதானமாகப் பரப்பலாம். கண்ணாடிபோல் இறுகும், நழுவாது, வெனீரின் துளை வழியே கசிந்தாலும் உப்புத்தாளில் சுத்தமாகப் போகும். விலை என்னவென்றால் பொறுமை: 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் 6 முதல் 12 மணி நேரம் பையிலேயே இருக்க வேண்டும். குளிரான அறையில் அது இறுகாமலே உதிர்ந்துபோகும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. தூளைக் கலக்கும்போதும் காய்ந்ததைத் தேய்க்கும்போதும் முகமூடி, திறந்த சன்னல் இரண்டும் கட்டாயம். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்த வசதி இல்லாதவருக்கு என் பரிந்துரை எப்பாக்ஸி, அதாவது இரண்டு பாகமாக வந்து, கலந்ததும் இறுகும் பசை.

எப்பாக்ஸியில் தண்ணீர் இல்லை. அதனால் வெனீர் விரியாது, ஈரம் வெளியேறவும் காத்திருக்க வேண்டாம். முடிச்சும் சுழியுமான பர்ல் வெனீருக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் துளை வழியே மேலே ஏறிவிடும். சிலிகா தூள் போட்டுக் கெட்டியாக்கி, மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாலியூரித்தேன் பசை நுரைத்து வெனீருக்கு மேலே வந்து கறை போடும். தட்டைப் பலகைக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பைக்குள் எந்தப் பசையானாலும் பலகையில் மட்டும் பரப்புங்கள், வெனீரில் வேண்டாம். வெனீர் அந்த நிமிடமே சுருண்டுகொள்ளும். ரோலரால் பரப்பிய பிறகு பலகையைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். பசை ஒரே ஈரப் பளபளப்பாக, பலகையின் நிறம் அடியில் மங்கலாகத் தெரிய வேண்டும். வெள்ளையாக மூடியிருந்தால் அதிகம்.

அமுக்கியே தேவையில்லாத வழிகள்

விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும் சுத்தியலும் பல தலைமுறைக்கு முந்தைய வழி. சுத்தியல் என்றாலும் அடிப்பதில்லை. அகன்ற பித்தளை வாயால் பசையை நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துத் தள்ளுவது. பசையை 60 டிகிரி சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிகம் சூடானால் வலு போய்விடும். ஆறியதும் கூழாக உறைந்து வெனீரைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காத இடத்தை மறுபடி சூடு காட்டி ஒட்டலாம், நூறு ஆண்டு கழித்தும் பிரித்து எடுக்கலாம். பழைய அலமாரி, இசைக்கருவி பழுது பார்ப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு கிடையாது. கை பழக மாதங்கள் ஆகும். அந்த நேரத்தைச் செலவிட மனம் இருப்பவர்கள் கற்றுக்கொள்ளுங்கள்; கற்றது வீணாகாது.

இஸ்திரிப் பெட்டி முறை: பலகையிலும் வெனீரின் அடிப்பக்கத்திலும் வெள்ளைப் பசை பூசி, காயவிட்டு, பிறகு சூடு வைத்து ஒட்டுவது. ஓரப்பட்டைக்கும் சின்னத் துண்டுக்கும் சரி. பல துண்டுகளைச் சேர்த்த பெரிய வெனீரில் சூட்டில் மரம் சுருங்கி, இணைப்புகள் மயிரிழைபோல் வாய் திறக்கும்.

தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் காண்டாக்ட் பசையை மட்டும் வெறும் மர வெனீருக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லேமினேட் ஷீட்டுக்கு அது பொருத்தமானது. மரம்போல லேமினேட் ஈரத்துக்கு விரிந்து சுருங்குவதில்லை. ரப்பர்போல் இளகிக்கிடக்கும் அந்தப் பசையின் மேல் மரத்தோல் ஒவ்வொரு பருவத்திலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பாலிஷில் இருக்கும் கரைப்பான் துளை வழியே இறங்கினால் பசை கரைந்து கொப்புளம் போடும். ஒட்டிய அன்று எல்லாவற்றிலும் அழகாகத் தெரிவது இதுதான், அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். தொழிற்சாலைகளின் சூட்டு அழுத்திகள் சில நிமிடங்களில் பலகையை முடித்துத் தரும். ஒரே மாதிரி ஐம்பது கதவு வேண்டுமென்றால் அங்கே கொடுத்து வாங்குவதே நியாயம்.

எந்த வழியில் போனாலும் பலகையின் பின்பக்கத்துக்கும் வெனீர் ஒட்ட வேண்டும். முன்பக்கம் மட்டும் ஒட்டினால் அது காயும்போது பலகையைத் தன் பக்கம் இழுத்துக் கிண்ணமாக்கிவிடும். பின்னால் மலிவான வெனீர் போதும், வரி ஓடும் திசையும் தடிமனும் ஒன்றாக இருந்தால் சரி. பை இதிலும் உதவும்: இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஒட்டிவிடலாம்.

பையிலிருந்து எடுத்த பலகை தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஈரம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதைத் தரையிலோ மேசையிலோ படுக்க வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காற்று படும்படி சின்னக் கட்டைகளின் மேல் ஒரு நாள், வெள்ளைப் பசை என்றால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். அதுவரை உப்புத்தாளைத் தொட வேண்டாம். அப்புறம் நகத்தால் தட்டிப் பாருங்கள். எங்காவது வெறுமையாகக் கேட்டால் பென்சிலால் வட்டம் போட்டு, வரியோடு சேர்ந்து பிளேடால் ஒரு கீறல் கீறி, சிரிஞ்சில் கொஞ்சம் பசை உள்ளே விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளும் ஒரு மரத்துண்டும் வைத்து ஒரே ஒரு கிளாம்ப் போடுங்கள். மறுநாள் அந்தக் கீறலை நீங்களே தேடினாலும் கிடைக்காது.